பூரிக்கு யார் என்ன போட்டது

ஜூன் 9, திங்கள்

வெயில். காலை ஏழு மணிக்கே தரை சுடுகிறது. தண்ணீர் லாரி வரவில்லை.

வேலைகள்: கேஸ் புக்கிங். மாடி டேங்க் மூடி. வசந்தா செருப்பு தைக்க. பூரிக்கு மஞ்சள் பத்து.

எங்கள் நாய் பூரி நொண்டுகிறது. வலது பின்னங்கால். நேற்று முகூர்த்த நாள், பட்டு எடுக்க வந்த கார்கள் எங்கள் தெரு வரைக்கும் நின்றன. ஏதாவது கார் இடித்திருக்கும் என்கிறாள் வசந்தா. இடித்திருந்தால் தோல் உரிந்திருக்க வேண்டாமா? உரியவில்லை. கல்லடிதான். எங்கிருந்து வந்தது என்றும் தெரியும்.

எதிர் வீட்டு பாஸ்கர். போன மாதம் அவர் வாசல் கோலத்தில் பூரி அசிங்கம் பண்ணிவிட்டதென்று பேச்சு முற்றியது. அன்றோடு முகம் பார்ப்பதில்லை. இனி இந்த டைரியில் அவர் எ.வீ. பேரெழுதி மை வீணாக்குவானேன்.

"நாய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போங்க, பாவம் கத்துது" என்றாள் வசந்தா. எதற்கு? ஊசி, சிரப், எக்ஸ்ரே என்று பிடுங்கவா? ரெண்டு நாளில் தானாக ஆறும் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். முப்பது வருஷமாகப் பார்க்கிற முதுகு.

ஜூன் 10, செவ்வாய்

அதே வெயில். டேங்க் மூடி வாங்கியாச்சு. சைஸ் தப்பு. கடைக்காரன் வேண்டுமென்றே கொடுத்திருப்பான்.

பூரி எழுந்திருக்கும்போதெல்லாம் கீச்சென்று அழுகிறது. கேட்கவே முடியவில்லை. டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

எ.வீ. தறி காலையிலிருந்து விட்டு விட்டுத்தான் ஓடுகிறது. நான் கேட்டைத் திறந்தால் சத்தம் நிற்கிறது. மூடினால் மறுபடி. கவனிக்க.

சாயங்காலம் கேட்டுக்கு அடியில் பன் தூள். எங்கள் வீட்டில் பன் வாங்குவதில்லை. வசந்தாவைக் கேட்டேன். "காக்கா போட்டிருக்கும்" என்றாள். காக்கா பன் வாங்குமா?

ஜூன் 11, புதன்

அதிசயம். பூரி தெருமுனை வரை நடந்தது. நொண்டல் பாதி இல்லை. அழுகையும் இல்லை. மஞ்சள் பத்து! வசந்தாவிடம் மூன்று முறை சொல்லிக் காட்டிவிட்டேன். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரி என்றாளே.

மறுபடியும் பன் தூள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. எ.வீ. மாடியில் இரண்டு நிமிஷம் நின்று எங்கள் கேட்டையே பார்த்தார். என்னைப் பார்த்ததும் துணி உதறுகிற மாதிரி நடித்தார். கையில் துணி இல்லை.

கேஸ் புக் ஆனது.

ஜூன் 12, வியாழன்

பூரி ராத்திரி சாப்பாட்டைத் தொடவில்லை. காலையில் வாந்தி. காப்பித்தூள் நிறம். அப்புறம் வெளிக்குப் போனது, தார் மாதிரி கறுப்பாக. உட்கார்ந்தால் தலை தொங்குகிறது.

விஷம். பன்னில் விஷம். வேறென்ன?

நடுத்தெருவில் நின்று கத்தினேன். வாயில்லா ஜீவனுக்கு விஷம் வைத்தவன் கை புழுத்துப்போகும் என்றேன். போலீசுக்குப் போவேன் என்றேன். பெயர் சொல்லவில்லை, எதிர் வீட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். தறி நின்றது. யாரும் வெளியே வரவில்லை. குற்றம் செய்யாதவன் வெளியே வந்து கேட்டிருப்பானே.

பூரியை வசந்தாவின் பழைய சேலையில் சுற்றி ஆட்டோவில் கால்நடை ஆஸ்பத்திரி. டாக்டரம்மா சின்ன வயசு. வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார், வயிற்றை அழுத்தினார், பூரி முனகியது. முதல் கேள்வியே இதுதான்:

"வீட்ல யாராவது மனுஷங்க மாத்திரை குடுத்தீங்களா? வலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை?"

இல்லை என்றேன்.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க சார்."

என்னையே சந்தேகப்படுகிறார்! விஷம் என்றேன், பன் என்றேன், எ.வீ. பற்றிச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னது (மறக்காமல் இருக்க எழுதுகிறேன்): நமக்கு ஒத்துக்கொள்கிற வலி மாத்திரை நாய்க்கு ஒத்துக்காது. அரை மாத்திரைகூட ஆபத்தாகலாம். வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியும், கறுப்பாகப் போவது அதனால்தான். கிட்னி போகலாம். பாராசிட்டமால் என்றால் ஈரலையும் ரத்தத்தையும் தாக்கும், அதற்கு வைத்தியமே வேறு.

"காலுக்கு வலி ஊசி போடணும். ஆனா ஏற்கனவே உள்ள ஒண்ணு போயிருந்தா அதும்மேல இதைப் போட்டா ஆளே போயிடும். எதுன்னு தெரியாம என்னால கை வைக்க முடியல. யாரோ பாவப்பட்டுக் குடுத்திருப்பாங்க. போய் கேளுங்க. திட்டாம கேளுங்க."

டிரிப் போட்டு அனுப்பினார். நாளை மறுபடி வர வேண்டும்.

திட்டாமல் எப்படிக் கேட்பது? சர்வீஸ் முழுக்க வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் பார்த்தவன். மீட்டரில் காந்தம் வைத்தவனையும், வயரை மாற்றிக் கொடுத்தவனையும் பார்த்திருக்கிறேன். எல்லோரும் வாசலில் சிரித்துக்கொண்டே பொய் சொன்னவர்கள். போகிற தெருவிலெல்லாம் நாய்கள் என்னை விரட்டின. ஓய்வு பெற்ற வாரம் பூரி தானாக வந்து என் செருப்பின் மேல் படுத்தது. இது எதற்கு வந்தது என்று ஒரு மாதம் யோசித்தேன். ஒன்றுக்கும் வரவில்லை. சும்மா வந்தது.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

ஜூன் 13, வெள்ளி

புழுக்கம். மழை வருகிற மாதிரி இருந்து ஏமாற்றியது.

பூரி தண்ணீரைக்கூட வாந்தி எடுக்கிறது.

காலையில் வசந்தாவை விசாரித்தேன். அவள் முட்டிவலி மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். அவள் டப்பாவைப் பிடுங்கவில்லை, கத்தவும் இல்லை. "பூரி எனக்கும்தாங்க பூரி" என்றாள். கண் கலங்கியிருந்தது. "நீங்க கேக்கிறது கேக்கிற மாதிரியா இருக்குது? வீட்டுக்குள்ள வந்து மீட்டர் பாக்கிற மாதிரி இருக்குது."

தெருமுனை மெடிக்கல். யாராவது நாய்க்கு மாத்திரை வாங்கினார்களா என்று கேட்டேன். "நாய்க்குன்னு சொல்லி யார் சார் வாங்கறாங்க? இடுப்பு வலி, கை கால் வலின்னு வர்றாங்க, செட்டு குடுக்கிறோம்." என்னென்ன மாத்திரை சேர்த்தால் ஒரு செட்டு? "செட்டுன்னா செட்டு சார்." நான் பழைய கவர்மெண்ட் ஆள், எங்கேயாவது எழுதிப் போட்டுவிடுவேன் என்று பயம். இந்த ஊரில் பாதிப் பேர் அந்தக் காகிதப் பொட்டலத்தில்தான் வேலைக்குப் போகிறார்கள். பேர் கிடையாது, அட்டை கிடையாது. வெள்ளை ஒன்று, ரோஸ் ஒன்று, மஞ்சள் ஒன்று.

வீட்டுக்கு வந்தால் வசந்தா இல்லை. எ.வீ.க்குப் போயிருக்கிறாள். என் வீட்டு மனுஷி அங்கே! ஜன்னலில் நின்றேன். உள்ளே போனவள் வர நேரமானது. வரும்போது பின்னால் அவர். பாஸ்கர். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். தறிக்குழியில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த வலி என்று வசந்தா பிறகு சொன்னாள்.

கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"நான்தான் சார் குடுத்தேன்."

கேட்டைத் திறக்கப் போனேன். வசந்தா என் கையைப் பிடித்தாள்.

"கத்திக்கினே இருந்திச்சி சார். தறில உக்கார முடியல. எனக்கு வாங்கினு வந்த செட்டு, காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, ரெண்டு நாளும் பன்னுல வச்சிக் குடுத்தேன். நடந்திச்சி சார். எனக்கு கேட்ட மாதிரி அதுக்கும் கேட்டுதுன்னு சந்தோசப்பட்டேன்."

நேற்றே ஏன் சொல்லவில்லை என்றேன். குரலை இறக்கித்தான் கேட்டேன், என்னால் முடிந்த அளவு.

"நேத்து நீங்க பேசினதைக் கேட்டப்புறம் நான் இன்னான்னு சார் வந்து சொல்றது? போலீசுன்னீங்க. எம் பொண்ணு உள்ள அழுவுது."

நாடகமா? முகத்தையே பார்த்தேன். அரை மணி நேரம் நின்று பார்த்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. அவர் கண் என் மேல் இல்லை, பின்னால் சாக்கில் கிடந்த பூரி மேல் இருந்தது.

மறுபடி மெடிக்கல், இந்த முறை இரண்டு பேரும். கடைக்காரர் என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார். பாஸ்கர், "சார், நீங்க அப்டி டீக்கடையாண்ட நில்லுங்க" என்றார். நின்றேன். டீ குடிக்கவில்லை. அவர் உள்ளே போய் ஏதோ சிரித்துப் பேசி, மூன்று மாத்திரையும் அட்டையோடு வாங்கிக்கொண்டு வந்தார். நான் கேட்டால் வராதது அவருக்கு வந்தது.

ஆஸ்பத்திரி. டாக்டரம்மா அட்டைகளைப் பார்த்ததும் பெருமூச்சு. ஒன்று டைக்ளோபினாக், வலிக்கு. ஒன்று ஸ்டீராய்டு. மூன்றாவது வாயு மாத்திரை, அதனால் கெடுதல் இல்லையாம். "முதல் ரெண்டும் சேர்ந்தா நாய் வயித்துக்கு எமன். நல்லவேளை நான் ஊசி போடல." வயிற்றுப் புண்ணுக்கு மருந்து, டிரிப் அதிகம், கிட்னிக்கு ரத்தப் பரிசோதனை.

"நேத்தே தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். முடித்திருக்கலாம். நான் தாங்கியிருப்பேன். இல்லை, தாங்கியிருக்க மாட்டேன்.

பாஸ்கர் பெஞ்சில் உட்கார முடியாமல் சுவரில் சாய்ந்தே நின்றார்.

ஜூன் 14, சனி

ரத்தப் பரிசோதனை: கிட்னி அளவு கூடுதல். "பயப்படற அளவுக்கு இருக்குது, கைவிடற அளவுக்கு இல்ல." டாக்டர்கள் இப்படித்தான் பேசுவார்கள். முழுசாக எதையும் சொல்வதில்லை.

டிரிப். வாந்தி ஒரு தடவை.

திங்கட்கிழமையே கூட்டிப் போயிருந்தால் அது அழுதிருக்காது. அழாவிட்டால் அவர் கொடுத்திருக்க மாட்டார். இதை வசந்தா சொல்வாள் என்று காலையிலிருந்து காத்திருக்கிறேன். சொல்லவில்லை. தோசை வார்த்துக் கொடுத்தாள்.

ஜூன் 16, திங்கள்

நேற்று எழுதவில்லை. நாள் முழுக்க ஆஸ்பத்திரியும் வீடும்.

இன்று மழை. சின்னதாக. மண் வாசனைக்கு மட்டும்.

பூரி தயிர் சாதம் சாப்பிட்டது! நான்கு வாய். உள்ளே தங்கியது. வெளிக்குப் போனது கறுப்பு இல்லை. கிட்னி அளவு இறங்குகிறதாம், அடுத்த வாரம் மறுபடி பார்க்க வேண்டும். கால் இன்னும் நொண்டல்தான், அதற்கு நாய்க்கான மருந்து, புண் ஆறின பிறகு.

வசந்தா அழுதாள். நானும். யாரும் பார்க்கவில்லை.

பாஸ்கரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. என்ன சொல்வது என்று குளிக்கும்போது யோசித்து வைத்தேன். பூரி சாப்பிட்டது, அட்டையோடு நீங்கள் வாங்கி வந்ததால்தான், அன்றைக்குத் தெருவில் பேசியது தப்பு. இந்த வரிசையில்.

தெருவைக் கடந்து போனேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. கேட்டைத் தட்டினேன். தறி நின்றது.

வெளியே வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"சத்தியமா இன்னைக்கு நான் எதுவும் போடல சார்."