இவர் மிஞ்சின கதை

மார்ச் 3, செவ்வாய்

இன்றைய கணக்கில் பால் பாக்கெட் ஒன்று இடிக்கிறது. வாங்கியது இரண்டு, காய்ச்சியது ஒன்று. மாமாவைக் கேட்டேன். பூனை என்றார். நம் வீட்டில் பூனை கிடையாது. பூனை பாக்கெட்டின் மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டாது என்றேன். "இந்தக் காலத்துப் பூனைம்மா" என்றார். வாய் ஒரு பக்கம் கோணிய பிறகும் பொய் மட்டும் நேராகத்தான் வருகிறது.

இவர் சாயங்காலம் ஒரு தாளோடு வந்தார். பம்பு உதிரிபாகக் கம்பெனியில் இவருக்குக் கிடங்குப் பொறுப்பு. வருஷா வருஷம் மேலிடம்தான் மதிப்பெண் போடும். புதிதாக வந்திருக்கும் மேனேஜர் அம்மா, அவரவர் மதிப்பை அவரவரே போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறாராம். ஐந்து கேள்வி. ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டம்: எதிர்பார்ப்புக்குக் குறைவு, எதிர்பார்ப்புக்குச் சரி, எதிர்பார்ப்பை எக்ஸீட் செய்தார். டிக் அடித்து, கீழே காரணத்தை இங்கிலீஷில் எழுத வேண்டும்.

சாப்பிட்டு முடித்துத்தான் மீதியைச் சொன்னார். கம்பெனி இன்னொரு கிடங்கு திறக்கிறது. ரயிலில் ஒரு ராத்திரி தூரம். இங்கிருந்து ஒருவர் போயாக வேண்டும். 'சரி'யில் இருப்பவர்களைத்தான் முதலில் தள்ளுவார்கள் என்று கேன்டீனில் பேச்சு. இவர் இத்தனை வருஷமும் 'சரி'.

மாமாவை ரயிலேற்ற முடியாது. பக்கவாதத்துக்குப் பிறகு மகனைத் தவிர வேறு யாரும் அவர் முகத்தில் சவரக் கத்தி வைக்க முடியாது. இவர் போனால் வீடு இரண்டாகும். கடவுளே, பார்த்துக்கொள்.

மார்ச் 4, புதன்

இவர் ஐந்திலும் 'சரி' போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். நல்லவேளை, பென்சில். அழித்துவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

அந்த எக்ஸீட் என்னதான் சொல்கிறது என்று பார்க்க அகராதியை இறக்கினேன். பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கியது, அட்டை கிடையாது. எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த வாத்தியார் இந்த அகராதிதான்.

லத்தீன் வீட்டில் பிறந்த சொல்லாம். 'வெளியே' என்றும் 'போ' என்றும் இரண்டு துண்டு. பிரெஞ்சுக்காரர்களிடம் கொஞ்ச காலம் இருந்துவிட்டு இங்கிலீஷுக்கு வந்திருக்கிறது. முதல் பொருள், எல்லை தாண்டுதல். சரி. அடுத்தது, வரம்பு மீறி நடத்தல். அதற்கடுத்தது அளவுக்கு மேல் தின்று குடித்தல். (பால் பாக்கெட்!) பக்கத்திலேயே பொடி எழுத்தில், இப்போது வழக்கில் இல்லை. விஞ்சுதல், மேம்படுதல் என்பதெல்லாம் அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிறது.

ஆக, ஒரு காலத்தில் வைத வார்த்தையை இப்போது மாலையாகப் போடுகிறார்கள். நாம் மட்டும் என்ன? மிஞ்சிப் பேசாதே என்று அடக்குவதும் அதுதான், அழகில் அக்காவை மிஞ்சிவிட்டாள் என்று மெச்சுவதும் அதுதான். பானையின் அடியில் கிடப்பதும் மிஞ்சினதுதான்.

இதன் உடன்பிறப்பு சக்ஸீட். வெற்றி என்று இன்று சொல்கிறோமே, அதற்கு ஆதியில் பொருள் 'பின்னால் வருதல்'. இவரைப் பார்த்துச் செய்தது போலிருக்கிறது. கல்யாணமானதிலிருந்து தெருவில் நான் முன்னால், இவர் பின்னால்.

மார்ச் 8, ஞாயிறு

மாமாவுக்கு இவர் சவரம் செய்துகொண்டிருந்தபோது நான் அகராதி படித்ததைச் சொன்னேன். மாமா பஸ் ஓட்டியவர். சோப்பு நுரைக்குள்ளிருந்து சிரித்தார். அவர் பஸ்ஸில் கண்ணாடிக்கு மேலேயே அந்த வார்த்தை எழுதியிருக்குமாம், ஐம்பதை எக்ஸீட் செய்யாதே என்று. அவர் செய்தார். அபராதம் கட்டினார். ஒரு வாரம் வண்டி தரவில்லை.

"நான் எக்ஸீட் பண்ணேன்னு என் சம்பளத்தப் புடிச்சான். இவன் பண்ணலன்னு ஊர விட்டுத் தொரத்தறான். ரெண்டு பேரும் ஒரே இங்கிலீஷாம்மா படிச்சாங்க?"

இவர், "தாடைய ஆட்டாதீங்கப்பா" என்றார். அவ்வளவுதான் இவர் சொன்னது.

மார்ச் 9, திங்கள்

பிரார்த்தனையில் மனம் நிற்கவில்லை. நான் மிஞ்சினேன் என்று தன்னைத்தானே எழுதிக்கொள்வது தற்பெருமை இல்லையா? சாமியிடம் கேட்டேன். பதிலில்லை. வேறு மாதிரிக் கேட்டேன்: இவர் எழுதினால்தானே இவருக்குப் பாவம், இவருக்காக நான் எழுதினால் யார் கணக்கில் சேரும்? அதற்கும் பதிலில்லை. மௌனம் சம்மதம் என்று வைத்துக்கொண்டேன்.

மார்ச் 11, புதன்

இரண்டு பேரும் தாளோடு உட்கார்ந்தோம். முதல் கேள்வி, நேரம் தவறாமை. எக்ஸீட் என்று டிக் அடிக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேரத்துக்குப் போறது நேரத்துக்குப் போறதுதானே. அத எப்படி மிஞ்சறது? மொத நாள் ராத்திரியே போயிடணுமா?"

இரண்டாவது, சரக்குக் குறையாமல் காத்தல். குறையவில்லை. அதை மிஞ்சுவதென்றால் கூடியிருக்க வேண்டும். கூடினால் திருட்டுச் சரக்கு என்பார்கள்.

எனக்கு எரிச்சல். "பில் போடறவர் அஞ்சுலயும் எக்ஸீட் போட்டுட்டாராமே. அவரு மட்டும் எத மிஞ்சினாராம்?"

"அவரா? என் பொறுமைய."

அந்த பில் போடுகிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் அடுக்குமொழி. ஒரு டீ கேட்பதற்கும் மூன்று அடைமொழி போடுவார்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. பஸ்ஸில் ஐம்பது என்று எழுதியிருந்ததால்தான் மாமா அதைத் தாண்ட முடிந்தது. நானும் மாதம் பிறந்ததும் ஒரு பத்தியில் மதிப்பீட்டை எழுதிவிட்டுத்தான் பக்கத்தில் செலவை எழுதுகிறேன். இவரிடம் கம்பெனிக்காரர்கள் எதிர்பார்த்தது என்ன? அதை எங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்? தெரியாமல் கூட, குறைய என்று எப்படிச் சொல்வது?

நாளைக்குப் போய்க் கேளுங்கள் என்றேன். இவரும் நான் உப்பு வாங்கச் சொன்னது போலத் தலையாட்டினார்.

மார்ச் 12, வியாழன்

கேட்டுவிட்டார். எல்லோர் முன்னாலும்.

"மேடம், என்கிட்ட என்ன எதிர்பார்த்தீங்க?"

மேனேஜர் அம்மா முகம் சிவந்ததாம். விருட்டென்று உள்ளே போய்விட்டாராம். அடுக்குமொழி, தன் வேலை என்னவென்றே தெரியாமல் ஒரு மனுஷன் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறாரே என்று சிரித்தாராம்.

ஐயோ, நான் எதுக்கு இவர அனுப்பினேன்? பேசாம ஒரு டிக் அடிச்சுத் தொலைச்சிருக்கக் கூடாதா? எல்லாம் இந்த அகராதி படிச்ச திமிரு. இப்ப அவங்க வீம்புக்காகவே இவர அனுப்பிட்டா — மாமாவ யார் பாக்கறது? என்னோட ஒரு கேள்வியில குடும்பமே —

இவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 14, சனி

இப்போது கிடங்கில் எல்லோரும் அதையே கேட்கிறார்களாம். பேக்கிங் ஆட்கள், வாசல் காவலாளி உட்பட. அடுக்குமொழி மட்டும் கேட்கவில்லை. மேனேஜர் அம்மா தலைமை அலுவலகத்தைக் கேட்டாராம். அங்கிருந்து, நல்ல கேள்வி என்று பதில் வந்ததாம். எனக்கு விடை தெரியாதபோது நானும் அப்படித்தான் சொல்வேன்.

மார்ச் 19, வியாழன்

எதற்கும் இருக்கட்டும் என்று சவரம் பழக நினைத்தேன். மாமா சோப்புத் தடவ விட்டார். கத்தியை எடுத்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"பிரஷ் வரைக்கும்தான் உனக்கு லைசென்ஸ். இது கனரக வாகனம்."

சிரித்தேன். பிறகு அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

மார்ச் 24, செவ்வாய்

எழுதும்போதே கை சிரிக்கிறது. சாமி, மன்னித்துக்கொள்.

மேனேஜர் அம்மா இன்று இவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாராம். நீங்கள் கேட்டது நியாயம், உங்களை வேலைக்கு எடுத்தவரையே கேட்டுவிடலாம் என்று, ஓய்வு பெற்றுப் போன பழைய மேனேஜருக்குப் போன் போட்டாராம். போன் ஸ்பீக்கரில். இவர் எதிரில் இருப்பது அந்த மனுஷருக்குத் தெரியாது.

"அவர்கிட்ட என்னம்மா எதிர்பார்க்கறது? ஆறு மாசத்துல ஓடிடுவார்னு எதிர்பார்த்தேன். அந்தக் கிடங்குத் தூசில வேற எவனும் நின்னதில்ல."

இவர் போனை நோக்கி, வணக்கம் சார், நல்லாயிருக்கீங்களா என்றாராம். 

இது பதினோரு வருஷத்துக்கு முந்திய எதிர்பார்ப்பு. அதை மேனேஜர் அம்மா, வேலையில் நிலைத்தல் என்ற கடைசிக் கேள்விக்குக் கீழே எழுதி, பக்கத்தில் தானே எக்ஸீட் என்று டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டாராம். மற்ற நான்கிலும் இவர் பேனாவால் 'சரி' போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். பேனா! என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தப் பழைய மேனேஜர் இந்த வீட்டில் வந்து என் காபியை இரண்டு தடவை வாங்கிக் குடித்தவர். அப்போதும் மனதுக்குள் ஆறு மாதம்தான் ஓடியிருக்கிறது.

ஆனால் நான்கு 'சரி'. நாலு 'சரி' போதுமே தள்ளுவதற்கு. ராத்திரி பிரார்த்தனையில் பேரம் எதுவும் பேசவில்லை. கேட்க மட்டும் கேட்டேன்.

மார்ச் 31, செவ்வாய்

பட்டியலை ஒட்டிவிட்டார்கள். போவது அடுக்குமொழி.

கேன்டீன் பேச்சு தலைகீழ். புதுக் கிடங்கை ஒன்றுமில்லாததிலிருந்து தூக்கி நிறுத்த வேண்டும், அதற்கு எல்லாவற்றிலும் எதிர்பார்ப்பை மிஞ்சுகிற ஆள்தான் வேண்டும் என்று முதலிலிருந்தே திட்டமாம். ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தவர் ஒருவர்தான். அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டது, மறுக்கவா முடியும்? அவர் மறுப்பதாகவும் இல்லை. ஒரே வீட்டில் மாமியாரோடு இருக்கிறார். பிரிவுத் துயரத்தை முகத்தில் கொண்டுவர ரொம்பக் கஷ்டப்பட்டாராம்.

அன்றைக்கு இவர் என் கையைப் பிடிக்காமல் இருந்திருந்தால்? ஐந்திலும் நான் டிக் அடித்திருப்பேன். என் கையாலேயே இவரை ரயிலேற்றியிருப்பேன். அகராதி முதல் வரியிலேயே சொல்லிற்று, வெளியே போ என்று. நான்தான் அதைத் தாண்டிப் போய்க் கீழே படித்துக்கொண்டிருந்தேன்.

சாமி அன்றைக்கு மௌனமாக இருந்தது சம்மதம் இல்லை போலிருக்கிறது.

ஏப்ரல் 2, வியாழன்

காலையில் மாமாவுக்குச் சவரம். இவர் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சும்மா கேட்டு வைத்தேன்.

"என்னங்க, கல்யாணத்தப்ப என்கிட்ட என்ன எதிர்பார்த்தீங்க?"

 கத்தியை இன்னொரு தடவை துடைத்தார்.

"நீ கேள்வி கேக்க மாட்டேன்னு எதிர்பார்த்தேன்."

மாமா நுரை தெறிக்கச் சிரித்தார். யாரும் தாடையை ஆட்டாதே என்று சொல்லவில்லை.

கணக்கு நோட்டில் இந்த மாத மதிப்பீட்டை எழுதிவிட்டேன். பால் நாளொன்றுக்கு மூன்று பாக்கெட். ஒன்று பூனைக்கு.