சொல்லாமல் விட்ட நீர்மட்டம்

என்னங்க, இன்று காலை குழாயைத் திறந்ததும் இலை ஊறிய வாசம் குப்பென்று வந்தது. மலையில் புதுத்தண்ணீர் இறங்கிவிட்டது. நீங்கள் கண்ணை மூடிய பிறகு பெய்கிற முதல் மழை. குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன். "ஏட்டி, தண்ணி வீணாப் போகுது!" என்று பக்கத்து வீட்டு மதினி சத்தம் போட்டாள்.

மலைமேல் இருக்கிற அணைக்கு நீங்கள் காவல் இருந்தீர்கள். எங்கெங்கோ இருக்கிற நகரங்களுக்கு அங்கிருந்துதான் தண்ணீர். போகிற வழியில் நம் மம்சாபுரத்துக்கும் கொஞ்சம். மாதத்துக்கு நான்கு நாள் வீட்டுக்கு வருவீர்கள். அதிலும் ஒரு நாள் தூங்கியே போகும். "அம்புட்டு ஆசைன்னா அங்கனயே கெடங்க" என்று எரிந்து விழுவேன். "ஊருப்பட்ட சனம் குடிக்கிற தண்ணிட்டி" என்று சிரிப்பீர்கள்.

மேலே ஒரே ஒரு பாறையில்தான் சிக்னல் கிடைக்கும், அதுவும் செத்த நேரம். அதை ஆபீசுக்குச் செலவழிக்க உங்களுக்கு மனசு வராது. எனக்குப் போன் அடித்து, அணையின் நீர்மட்டத்தைச் சொல்லி, "சாப்ட்டியாட்டி?" என்று கேட்பதற்குள் அறுந்துவிடும். ஆபீசுக்குச் சொல்வது என் வேலை. சம்பளமில்லாத உத்தியோகம்!

ஒரு வருஷம் ஆடிப்பூரத் தேருக்கு வருகிறேன் என்றீர்கள். புதுச்சேலை கட்டி, பூ வைத்து, ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பி உட்கார்ந்திருந்தேன். போன்தான் வந்தது.

"இங்க மழ ஊத்துது, வர ஏலாதுட்டி. முப்பத்திரண்டு அடி, சொல்லிரு."

நான் சொல்லவில்லை. போனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டேன். மட்டம் தெரியாமல் ஷட்டரைத் திறக்க மாட்டார்கள். அன்றைக்கு அந்த நகரங்களுக்குத் தண்ணீர் போகவில்லை. உங்களை எட்டு நாள் சஸ்பெண்டு செய்தார்கள். "நாந்தான் பேசல சார்" என்றீர்களாம். என் பெயரையே எடுக்கவில்லை.

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீடு வந்தீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெங்காயம் உரித்துக் கொடுத்தீர்கள், துணி காயப்போட்டீர்கள், தினமும் மத்தியானம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். தேரெல்லாம் முடிந்து ஆளில்லாமல் கிடந்த ரத வீதியில் என்னைக் கூட்டிக்கொண்டு சுற்றிவந்தீர்கள்.

நான் ஆபீசுக்குச் சொல்ல மறந்துவிட்டேன் என்றே கடைசிவரை நினைத்திருப்பீர்கள். உண்மையைச் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன், வரவில்லை. முகம் தெரியாத சனங்கள் குடத்தோடு அலைந்திருப்பார்களே என்று இன்றும் உறுத்துகிறது. பாவம்தான். ஆனாலும் அந்த எட்டு நாளும் நீங்கள் எனக்கு மட்டுமே இருந்தீர்கள். நாளைக்கே அந்தப் போன் வந்தாலும், நான் ஆபீசுக்குச் சொல்ல மாட்டேன்.