டாக்டரம்மா விட்ட வரி

செவ்வாய்க்கிழமை, இரவு.

எனக்கு எழுதத் தெரியாது. போனில் பேசுகிறேன், அது எழுதிக்கொள்ளட்டும்.

பேத்தி ஜெனிக்கு எட்டு வயது. இதயத் தசை பலவீனம். ஸ்டெம் செல் செலுத்திப் பார்க்கும் ஆராய்ச்சியில் அவளைச் சேர்க்க இன்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெற்றவர்கள் இல்லை, கைநாட்டு நான்தான் வைக்க வேண்டும்.

ஜெனி இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கும் அறையில் இருந்தபோது டாக்டரம்மா படிவம் முழுவதையும் படித்துக் காட்டினார். சாட்சிக்கு நர்ஸ் வந்ததும், விதிப்படி மறுபடி படித்தார். அதற்குள் ஜெனி வந்து என் மடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு வரி வுட்டுட்டியே தாயி," என்றேன்.

"எது தாத்தா?"

"பலன் இல்லாமலும் போகலாம்னு மொதல்ல படிச்சியே. கெழவன் மறந்துடுவான்னு பாத்தியா?"

டாக்டரம்மா ஜெனியைப் பார்த்தார். அப்போதுதான் அவர் ஏன் அதைத் தாண்டினார் என்று புரிந்தது.

கைநாட்டு வைத்தேன். திரும்பும்போது, பஸ் தண்டையார்பேட்டை தாண்டியதும் ஜெனி கேட்டாள்.

"தாத்தா, பலன் இல்லன்னா நான் இன்னா ஆவேன்?"

"ஒண்ணியும் ஆவ மாட்ட. கம்முனு வா."

துறைமுகத்தில் நாற்பது வருஷத்துக்கு முன் நான் சரக்கு இறக்கிய கப்பல்களின் பெயர்கூட எனக்கு நினைவிருக்கிறது. ஜெனிக்கும் அதே புத்திதான். காதில் விழுந்ததை மறக்கவே மாட்டாள்.