அருளின் கல்லுக்கு ஒரு வரி

29-10-88, சனி

காலையிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. இவர் குடையோடு கல்லறைத் தோட்டம் போய், மாமனார் கல்லறையைச் சுற்றிப் புல் செதுக்கிவிட்டு வந்தார்.

மகன் அருளுக்கென்று குழி கிடையாது. யாழ்ப்பாணச் சண்டையில் செத்தவனைப் பட்டாளத்தார் அங்கேயே எரித்துவிட்டார்கள். வந்தது ஒரு தகரப் பெட்டி, உள்ளே துணிமணி. ஒரு வருஷம் ஆகிவிட்டது. தாத்தா தலைமாட்டில் அவன் பெயருக்கு ஒரு கல் வைக்கிறோம். இவர் வரியையும் முடிவு செய்துவிட்டார்: ‘நீதியான போரில் உயிர் நீத்த வீரன்.’

“எழுபத்தொண்ணுல நாங்க வங்காளத்துக்குள்ள போனப்ப சனங்க ஓடியாந்து மாலை போட்டாங்க. இவனும் அதே பட்டாளந்தானே” என்றார்.

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கோழை.

வாங்க: மெழுகுவத்தி 2 கட்டு, சுண்ணாம்பு, செவந்திப்பூ, மண்ணெண்ணெய்.

31-10-88, திங்கள்

மூன்றாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குச் சளி. சி.பட்டிப் பள்ளியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பேர்.

“பட்டாளத்தானுக சிலோனுக்குப் போயி நம்ம சனத்தையே சுட்டானுக. இவனுகளுக்கு மாலை ஒண்ணுதான் கேடு.”

“மேல உள்ளவன் போன்னா போகணும்ப்பா. அவன் என்ன செய்வான்?”

ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நனைந்துகொண்டே நடந்தேன். இரண்டு பேர் மேலும் கோபம். இரண்டு பேர் சொன்னதும் சரி.

வீட்டில் இவர் இல்லை. பீரோவில் சேலைக்கு அடியிலிருந்து அருளின் கடைசிக் கடிதத்தை எடுத்தேன். ‘ஒரு வீட்டிலிருந்து சத்தம். சுட்டோம். உள்ளே ஒரு அம்மா மட்டும். உன் வயசு. தம்பி, தண்ணி தாங்கோ என்றார். கொடுத்தேன். குடிக்க முடியவில்லை. அப்பாவிடம் காட்டாதே.’

இன்றுவரை காட்டவில்லை.

1-11-88, செவ்வாய்

சகல புனிதர் திருநாள். பூசை முடிந்ததும் உபதேசியாரிடம் நாளைய கல்லறைப் பூசைக்கு இறந்தவர் பெயர் கொடுக்க ஒரே கூட்டம்.

“அருள். அப்புறம் இன்னொரு அம்மா. பேர் தெரியாது” என்றேன்.

“பேரில்லாம எப்படி வாசிக்கிறது டீச்சரம்மா?” தலை நிமிரவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார்.

பின்னால் இடிக்கிறார்கள். “சவரியம்மாள்னு போட்டுக்கங்க.”

என் பெயரையே சொல்லிவிட்டேன். வேறு பெயர் வாயில் வரவில்லை. மாற்றச் சொல்லவும் மனசில்லை.

2-11-88, புதன்

மழை விட்டுவிட்டது. கல்லறைத் தோட்டம் முழுக்கச் சாம்பிராணிப் புகை, ஈரச் சுண்ணாம்பு வாடை. மெழுகுவத்தி காற்றில் அணைந்துகொண்டே இருந்தது.

இறந்தவர் பட்டியலில் வாசித்தார்கள்: “செபஸ்தியான் குடும்பத்தில் அருள், சவரியம்மாள்.” பக்கத்தில் நின்ற ஞானம்மா என் கையைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு பேர் சிரித்தார்கள். இவர் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டார். “உசுரோட இருக்கவளுக்கு எதுக்குடி பூசை? உபதேசியாருக்குக் கண்ணு தெரியலையா?”

“அவர் மேல தப்பில்ல. நாந்தான் குடுத்தேன்.”

கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். ஒரு வருஷமா மறைச்சியா என்று கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை. சாப்பிடவும் இல்லை.

3-11-88, வியாழன்

வெயில். நான் பள்ளிக்குக் கிளம்பும் நேரம் கல் வெட்டுகிறவர் வந்தார். இவர் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார்.

“பேரு, பொறந்தது, செத்தது. அம்புட்டுப் போதும்.”

“வீரன்னு போடச் சொன்னீகளேண்ணே?”

“வேணாம்.”

அவர் போனதும் அடுப்படி நிலையில் வந்து நின்றார். நான் டிபன் பாக்ஸ் மூடிக்கொண்டிருந்தேன்.

“வேற கடுதாசி எதுலயாச்சும் அந்த அம்மா பேரை எழுதியிருக்கானா?”

“இல்ல.”

“கேட்டிருக்கலாம்ல அவன்” என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். தந்தி வந்த அன்றுகூட அழாத மனுஷன். எட்டரை பஸ் போய்விட்டது.