பட்டியலில் விட்ட பெயர்

5 ஜனவரி 2025, ஞாயிறு

ரபீக் குவைத்திலிருந்து லீவில் வந்திருக்கிறான். அறந்தாங்கியில் டீ குடித்தோம். எங்கள் பிளஸ் டூ செட் எல்லோரும் பிப்ரவரி 15, 16 இரண்டு நாள் மணமேல்குடி கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்க வேண்டுமாம். "சும்மா கேம்பிங் இல்லடா, கிளாம்பிங். மெத்தை, கட்டில், ஃபேன் எல்லாம் டென்ட்டுக்குள்ளயே இருக்கும்." ஏற்பாடு முழுக்க என் தலையில். "நீதான் வாத்தியாரு, ஒழுங்கா லிஸ்ட் போடுவ" என்றான்.

வீட்டுக்கு வந்து மனைவி அன்புமொழியிடம் சொன்னேன். "கட்டில்ல படுக்க எதுக்கு மணமேல்குடி வரைக்கும் போகணும்?" என்றாள். கேள்வி நியாயம்தான். ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. லிஸ்ட் போடப் புது நோட்டு ஒன்று வாங்கினேன்.

8 ஜனவரி, புதன்

குரூப்பில் முப்பத்தொரு பேர். ரபீக் கேட்டிருந்தான்: நம்ம செட் திருப்பதி நம்பர் யாரிடமாவது இருக்கா?

நான்தான் முதலில் பதில் போட்டேன். "தேடிப் பார்த்தேன், கிடைக்கலை."

தேடவே இல்லை.

18 ஜனவரி, சனி

இடம் பார்க்கப் போனேன். கடலை ஒட்டிய சவுக்குத் தோப்பு, சொந்தக்காரர் வெள்ளைச்சாமி என்பவர். நல்ல மனுஷன். "தண்ணி, கரண்டு, கழிவறை மறைப்பு எல்லாம் நம்ம போட் மெக்கானிக் பாத்துக்குவாரு. இந்தா வாரார்" என்று கை காட்டினார்.

திருப்பதி வந்தான்.

இருபத்திரண்டு வருஷம். தலை பாதி நரைத்துவிட்டது. கையில் டீசல் கறை. எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது, அவனுக்கும்தான்.

"வாங்க சார்" என்றான்.

சார்.

அலை ஏறும் கோடு எது, காற்று எந்தப் பக்கம், பெண்களுக்குக் குளியல் மறைப்பு எங்கே போடலாம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். நான் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன், அவன் முகத்தைப் பார்க்காமல் இருக்க. நடுவில் கேட்டான். "ரபீக் வாரானா? கண்ணன்? அந்த அரிமளத்துப் பையன், கணக்குல நூத்துக்கு நூறு வாங்குவானே, அவன்?" எல்லோர் பேரையும் கேட்டான். தன்னை ஏன் கூப்பிடவில்லை என்று மட்டும் கேட்கவில்லை.

19 ஜனவரி, ஞாயிறு

அவன் நம்பர் இப்போது என் போனிலேயே இருக்கிறது. குரூப்பில் சேர்க்கவில்லை.

22 ஜனவரி, புதன்

எழுதிவிடுகிறேன். இந்த டைரியில்கூட எழுதாவிட்டால் எங்கே?

2003 மார்ச், பிசிக்ஸ் பரீட்சை. என் சட்டைக் கையில் மைக்ரோ ஜெராக்ஸ் பிட்டு. பறக்கும் படை வாசலுக்கு வந்துவிட்டது. பிட்டைக் கீழே போட்டேன். காலால் பக்கத்து வரிசைக்குத் தள்ளினேன். அங்கே திருப்பதி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான். அவன் என்னைவிட நன்றாகப் படிப்பவன், பிட்டு தேவையே இல்லை. பெஞ்சுக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். அவனை எழுப்பினார்கள். "எனக்குத் தெரியாது சார், எனக்குத் தெரியாது சார்." ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நானும் மற்றவர்கள் மாதிரியே திரும்பிப் பார்த்தேன்.

இரண்டு வருஷம் பரீட்சை எழுதத் தடை. அவன் திரும்ப வரவே இல்லை. நான் பாஸாகி, பி.எட். முடித்து, கீரமங்கலத்தில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். பிசிக்ஸ். வருஷா வருஷம் பரீட்சை ஹாலில் நின்று, "பிட்டு வச்சிருந்தா இப்பவே குடுத்துருங்க" என்று பிள்ளைகளிடம் சொல்கிறேன். எப்படிச் சொல்ல முடிந்தது என்னால்?

25 ஜனவரி, சனி

தோப்புக்குப் போனேன். கழிவறை மறைப்பை அளக்க வேண்டும் என்று திருப்பதியிடம் போனில் சொல்லியிருந்தேன். பொய். டேப்பை எடுத்துப் போகவே இல்லை.

படகு இன்ஜினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். நின்றபடியே சொன்னேன். "திருப்பதி, அந்தப் பிட்டு என்னோடது."

அவன் நட்டைக் கழற்றுவதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"எப்ப?"

"அன்னைக்கே. பேனா மூடி விழுந்துச்சுன்னு குனிஞ்சேன். வேர்வையில ஒன் கால் வெரல்ல பிட்டு ஒட்டிக்கிட்டு வரமாட்டேன்னுச்சு. ஒதறி ஒதறித் தள்ளுன."

"ஏன் சொல்லல?"

"சொன்னேன். ஹெச்.எம். ரூம்ல வச்சுச் சொன்னேன். 'வாத்தியாரு மகன் மேலயே பழி போடுறியா'ன்னு ஒரு அறை விட்டாங்க. அந்த வாத்தியாரு யாரு? ஒங்கப்பா. அங்கனதான் நின்னாரு."

எனக்கு இது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அப்பா சாகும்வரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவருக்குச் சந்தேகம் இருந்திருக்குமோ? அதனால்தான் கேட்கவில்லையோ?

"மன்னிச்சிரு" என்றேன்.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்குத்தான் தெரியுமே. யாரு முன்னாடி என்னைய எழுப்பி வெளிய அனுப்புனாங்களோ, அவங்ககிட்ட சொல்லு." பிறகு இன்ஜினைப் பார்த்துக்கொண்டே, "ரபீக்கு ரெண்டு வருஷம் எங்கூட ஒரே பெஞ்சு. அதுக்கப்புறம் பஸ் ஸ்டாண்டுல பாத்தா அங்கிட்டுத் திரும்பிக்குவான்" என்றான்.

27 ஜனவரி, திங்கள்

அன்புமொழியிடம் சொன்னேன். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டாள். "பதிமூணு வருஷமா எங்கிட்டயும் சொல்லல" என்றாள். சாப்பாடு போட்டாள். உட்காரவில்லை.

குரூப்புக்கு எழுதி எழுதி அழித்தேன். முதலில் எழுதியது: "சூழ்நிலை காரணமாக ஒரு தவறு நடந்துவிட்டது." அழித்தேன். அடுத்தது: "என் பிட்டு கீழே விழுந்து அவன் பக்கம் போய்விட்டது." தானாக விழுந்ததா? தானாகப் போனதா? இத்தனை நாள் மனசுக்குள் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன் போல.

28 ஜனவரி, செவ்வாய்

போட்டுவிட்டேன். "பிட்டு என்னுடையது. மாட்டிக்கொள்வேன் என்று பயந்து, திருப்பதியின் பெஞ்சுக்கு அடியில் காலால் தள்ளினேன். அவன் மீது எந்தத் தப்பும் இல்லை. அவன் நம்பர் தேடினேன் என்று சொன்னதும் பொய். நம்பர் கீழே." அவ்வளவுதான்.

மத்தியானத்துக்குள் முப்பது பேரும் பார்த்துவிட்டார்கள். ஒருத்தரும் எதுவும் எழுதவில்லை. ஸ்டாஃப் ரூமில் போனைக் கவிழ்த்து வைத்தேன், திருப்பினேன், கவிழ்த்தேன்.

சாயங்காலம் கண்ணன் மட்டும்: "ச்சீ."

1 பிப்ரவரி, சனி

ரபீக் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. வாசலில் பைக்கை அணைக்காமலே பேசினான்.

"நேத்து அவன் வீட்டுக்குப் போனேன். கையப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டேன்டா. பிட்டு அடிச்சவன்னு அவன் கூட பேசாம இருந்தவன் நான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"அவன் வாரான், எங்ககூட தங்குறான். நீ வராத. யாருக்கும் ஒன் மூஞ்சியப் பாக்க முடியாது. லிஸ்ட்ட மட்டும் எங்கிட்ட குடுத்துரு."

நோட்டைக் கொடுத்தேன். டென்ட், மெத்தை, குடிதண்ணீர், முதலுதவிப் பெட்டி, போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த கடிதத்தின் நகல், எல்லாம் வரிசையாக இருந்தது. அவன் புரட்டிப் பார்த்தான். "நல்லாத்தான் போட்டிருக்க" என்றான். திட்டியிருந்தால் தேவலை.

14 பிப்ரவரி, வெள்ளி

வாடகைக்கு எடுத்த டென்ட்டுகளை வேனில் ஏற்றி அனுப்பினேன். டிரைவர், "நீங்க போகலையா சார்?" என்றார். ஸ்கூல் வேலை என்றேன். இன்னும் ஒரு பொய்.

15 பிப்ரவரி, சனி

இந்நேரம் எல்லோரும் கடலில் நிற்பார்கள். நான் பேப்பர் திருத்தினேன்.

நாலரை மணிக்குப் போன். திருப்பதி.

"ஏழாவது டென்ட்டுக்குக் கம்பியக் காணோம்."

"நீலப் பையில பாரு. சின்ன ஜிப்புக்குள்ள."

தேடும் சத்தம். பின்னால் யாரோ சிரித்தார்கள், அலைச் சத்தம். "இருக்கு" என்றான். வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"பிரிக்கிறப்ப இத மடிக்கிறது எங்க யாருக்கும் தெரியாது. நாளைக்கு எல்லாரும் பதினோரு மணிக்குக் கெளம்பிருவாங்க. அதுக்கப்பறம் வா."

16 பிப்ரவரி, ஞாயிறு

பன்னிரண்டுக்குப் போனேன். தோப்பில் அவன் மட்டும் இருந்தான். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து மணலை உதறி மடித்தோம். வெயில். "இங்கிட்டு இழு", "விடு", "இறுக்கிச் சுத்து", பேச்சு இவ்வளவுதான். ஏழு டென்ட்.

முடிக்கும்போது அவன் மனைவி தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தார். என்னைப் பார்த்துவிட்டு அவனிடம் கேட்டார், "இவுக யாரு? நேத்து போட்டோவுல காணோமே."

அவன் கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"என்கூடப் படிச்சவன்" என்றான்.