சாமி முன் வைத்த செக் புத்தகம்

அக்டோபர் 3, வெள்ளி

ஆயுத பூஜைக்கு நிறுத்திய தறிகள் இன்று மறுபடி ஓடின. முந்தாநாள் பூஜையில் வழக்கம்போல டிரஸ்ட்டின் செக் புத்தகத்துக்கும் மஞ்சள், குங்குமம் வைத்தோம். நல்ல நேரம் போவதற்குள் எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தொகை எழுதாத வெறும் தாள்தான். தலைவர் தணிகாசலம் மாமா, என் அம்மாவின் தம்பி, "உன் கை ராசியான கைம்மா பத்மினி" என்றார். பொருளாளர் என்று வருடத்தில் நான் செய்யும் ஒரே வேலை இது. வடை நன்றாக இருந்தது.

அக்டோபர் 16, வியாழன்

வேன் வரவில்லை. நகரியிலிருந்து திருப்பதிக்கு டயாலிசிஸ் போகிறவர்களுக்காகத்தான் டிரஸ்ட்டே ஆரம்பித்தது. என் நாத்தனார் சந்தியா பையோடு வாசலில் காத்திருந்தாள். டிரைவர் தாமோதரனுக்குப் போன் செய்தேன். "டீசலுக்குக் காசில்லக்கா. எனக்கே ரெண்டு மாசமா சம்பளம் வரல. யாராண்ட போய்க் கேக்கறது?"

பஸ்ஸில் கூட்டிப் போனேன். திரும்பும்போது புத்தூர் தாண்டியதும் வாந்தி. வீடு வரைக்கும் என் மடியில்தான் படுத்திருந்தாள்.

அக்டோபர் 17

மாமா வீட்டுக்குப் போனேன். பணம் எங்கே என்று கேட்க வாய் வரவில்லை. அவரே சொன்னார். டிரஸ்ட் பெயரில் கல்யாண மண்டபம் கட்டுகிறாராம். "மண்டபம் எழும்பினா வாடகை வரும். ஒரு வேன் இன்னா, மூணு வேன் ஓடும். பர்வாலேது, ஒண்ணும் ஆவாது, நீ போய் தறியப் பாரு."

எந்தக் கூட்டத்தில் முடிவு செய்தார்கள்? கூட்டம் என்றைக்கு நடந்தது? மினிட்ஸ் நோட்டு வீடு வீடாக வரும், காபியைக் கீழே வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவோம். இத்தனை வருடமாக இதைத்தான் நிர்வாகம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அக்டோபர் 20

தீபாவளி. வேனும் இல்லை, பஸ்ஸும் ஆட்டோவும் கிடைக்கவில்லை; இன்றைய டயாலிசிஸ் தவறிவிட்டது. சந்தியாவின் கால் வீங்கிக்கொண்டே வருகிறது.

அக்டோபர் 22

நேற்று அவளைப் பஸ்ஸில் கூட்டிப் போய் வந்தேன். இன்னும் எத்தனை முறை தாங்குவாள்?

மீதித் தாள்கள் மாமாவிடம்தான். எல்லாவற்றிலும் என் கையெழுத்து. யாராவது கேட்டால் என்ன சொல்வேன் — சாமி முன்னால் போட்டேன் என்றா?

பேங்கில் சொல்லி நிறுத்தலாமா என்று என் வீட்டுக்காரர் ஹரிபாபுவிடம் கேட்டேன். அவருக்கு முகமே மாறிவிட்டது. "நம்ம தறிக்கு நூல் குடுக்கறதே உங்க மாமாதான். அவர பகைச்சிக்கினு இன்னாத்த துன்றது?"

"அவ உன் கூடப் பொறந்தவதானே!" — கத்திவிட்டேன். அவர் சாப்பிடாமல் எழுந்து போனார்.

அக்டோபர் 24

பேங்கில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தப் புத்தகத்தின் எந்தச் செக்குக்கும் பணம் தரக் கூடாது.

அக்டோபர் 30

டீசலுக்கும் டிரைவர் சம்பளத்துக்கும் மாமா எழுதிய செக்குகளும் திரும்பிவிட்டனவாம்! நிஜமாகவே எழுதினாரா, என்னை மாட்டிவிட எழுதினாரா? ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "வேன நிறுத்தனது நானில்ல. எங்க அக்கா பொண்ணு நிறுத்திக்கினு ஒக்காந்துகீறா."

ஐயோ, டீசல் செக்கும் அதே புத்தகம்தான் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? இன்று டயாலிசிஸ் வார்டில் நம் ஊர்க்காரர்கள் யாரும் என்னோடு பேசவில்லை. நூல் வராமல் தறிகளும் நின்றுவிட்டன.

நவம்பர் 9, ஞாயிறு

முதல்முறையாக உண்மையான கூட்டம். எல்லா நோயாளிகளும் வந்திருந்தார்கள். நான் எழுந்து மண்டபக் கணக்கைக் கேட்டேன். மாமா கோபப்படவே இல்லை. "கணக்கு எங்க ஓடிடும்? மொதல்ல வேன் ஓடட்டும். பொருளாளர மாத்தறத எனக்கே உடுங்க, நாளைக்கே சொந்தக் காசுல வண்டி கெளம்பும்" என்றார். அவர் மருமகள் பிரித்திகாவைப் பொருளாளராக்கலாம் என்றார். சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள்.

சந்தியாவும் தூக்கினாள். என்னைப் பார்க்காமல், "பஸ்ஸுல என்னால முடியல அண்ணி" என்றாள்.

எதிர்ப்பவர்கள்? மாமா என்னைத்தான் பார்த்தார். நான் சந்தியாவின் கால்களைப் பார்த்தேன். கை மடியிலேயே கிடந்தது.

நவம்பர் 10

வேன் நேரத்துக்கு வந்தது. சந்தியா ஏறினாள். மண்டபத்துக்கு இன்று கூரை போடுகிறார்கள்.