லேஸருக்கு ஒன்பது பேர் தேவை

ரீட்ஸ்ட்ரூம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஹிண்டாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவன் தயவில் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை, முழங்கால் மட்டும் மழையை முன்கூட்டியே அறிவிக்கிறது. நீயும் மாப்பிள்ளை ஆல்வினும் பேரன் யோனியும் பெர்த்தில் நலமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், லேஸர் போய்விட்டான். வியாழக்கிழமை காலை, அவன் கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில், தூக்கத்திலேயே. சீட்டாட வருவான் என்று காப்பி போட்டு வைத்துக் காத்திருந்தேன், அது ஆறிப்போன பிறகுதான் போய்க் கதவைத் தட்டினேன். இனி இந்த ஊரில் யூதன் என்று இருப்பது நான் ஒருவன்தான்.

அங்கே யாருக்காக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பாய், நானும் வெயில், வீடு, கோழி என்று எதையாவது எழுதி மழுப்புவேன். உண்மைக் காரணம் லேஸர். அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. கூடப் பிறந்தவர்கள் லித்துவேனியாவிலேயே இருந்துவிட்டார்கள், யுத்தத்தில் அங்கே இருந்த யூதர்களுக்கு என்ன ஆயிற்று என்பது உனக்குத் தெரியும். அவனை விட்டுவிட்டு நான் எப்படிக் கப்பல் ஏறுவது?

யோனி பள்ளிக்கூடத்துக்காக நம் குடும்பம் இங்கே வந்த கதையைக் கேட்டிருந்தான். என் அப்பா சல்மான் காட்ஸ் மீசை சரியாக முளைக்காத வயதில் லித்துவேனியாவில் இருந்து கேப் டவுனில் வந்து இறங்கினார் என்று சொல். ஊசி, நூல், கண்ணாடி, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் முதுகில் கட்டிக்கொண்டு பண்ணை பண்ணையாக நடந்தார். நம் முறைப்படி அறுக்காத இறைச்சியைத் தொடமாட்டார், அதனால் பண்ணைக்காரப் பெண்கள் அவருக்கு முட்டை அவித்துக் கொடுப்பார்களாம், முட்டைக்கார யூதன் என்றே பெயர். பிறகு கழுதை வண்டி, பிறகு ரயில் நிலையத்துக்கு எதிரே கடை. அவரைப் பார்த்து அவர் கிராமத்துக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பத்து ஆண்கள் சேர்ந்ததும் முதல் வேலையாக மயானத்துக்கு நிலம் வாங்கினார்கள், ஜெப ஆலயம் அதற்கு அப்புறம்தான். நாம் கோஹன் குலம், ஆரோனின் வம்சம், நெருங்கிய சொந்தம் செத்தால் தவிர கல்லறைகளுக்கு நடுவே கால் வைக்கக் கூடாது. ஆகவே வாசலை ஒட்டிய சுவர் ஓரத்தை நம் குடும்பத்துக்கு ஒதுக்கினார்கள். என் அப்பா, என் அம்மா, பிறகு உன் அம்மா ஷிப்ரா, இந்த மூன்று பேருக்காக மட்டுமே நான் உள்ளே போனேன், அதுவும் சுவர் ஓரம் வரைக்கும்தான். மற்ற எல்லோர் அடக்கத்துக்கும் சாலையில் நின்றேன். அப்புறம் கடைக்காரர்களின் பிள்ளைகள் டாக்டரும் வக்கீலும் ஆனார்கள், டாக்டருக்கும் வக்கீலுக்கும் இந்த ஊரில் என்ன வேலை? உன்னைக் குறை சொல்லவில்லை அம்மா, அனுப்பி வைத்தவர்களே நாங்கள்தான்.

நான் சாலையில் நிற்பதை வைத்து லேஸர் என்னை ஓட்டாத நாள் கிடையாது. போன வாரம்கூட, "டேய் மேயர், நான் செத்தா நீ கேட்டுக்கு வெளிய டிராஃபிக் போலீஸ் மாதிரி கைய ஆட்டிக்கிட்டு நிப்ப, என்னை எவன்டா குழியில எறக்குவான்?" என்றான். முதலில் ஆட்டத்தைப் பார் என்று சொல்லிச் சீட்டைப் போட்டேன்.

யூதர்களை அடக்கம் செய்யும் சங்கத்து வண்டி கிம்பர்லியில் இருந்து கிளம்பியது, ஆனால் ஆற்றில் வெள்ளம், பாலம் உடைந்துவிட்டது என்று பாதியிலேயே திரும்பிவிட்டது. வெயிலோ உனக்குத் தெரிந்த வெயில். வெள்ளி மாலை ஓய்வுநாள் பிறந்துவிடும், அதற்குள் மண் போட்டாக வேண்டும். அங்கே இருக்கும் நம் மதகுரு ரபிக்குத் தொலைபேசியில் சொன்னேன், கோஹன் நான் என்ன செய்வது என்று கேட்டேன். சின்ன வயதுக்காரர், தயங்கவே இல்லை. "ஐயா, உங்கள விட்டா அங்க வேற யூதர் இருக்காங்களா? இல்லேல்ல? அநாதையா கெடக்குற பொணத்துக்கு அந்தக் காலத்துக் கோயில் தலைமைக் குருவே எறங்கி வந்து மண் போடணும். நீங்க என்ன அவரவிடப் பெரியவரா? போங்க, போய்க் குளிப்பாட்டுங்க" என்றார். வெட்கமாக இருந்தது ஹிண்டா. அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டேன், இத்தனை வயதுக்கு எனக்குப் பிணம் கழுவத் தெரியாது. வெதுவெதுப்பான தண்ணீர், தலையில் தொடங்கி வலது பக்கம் முதலில். குப்புறப் போடக் கூடாது. அவன் இவ்வளவு இலேசாக இருப்பான் என்று நினைக்கவில்லை. ஆலயத்து அலமாரியில் உன் அம்மா அடக்கத்துக்காகத் தைத்து வைத்த வெள்ளைச் சட்டைகளில் இரண்டு மிச்சம் இருந்தன, ஒன்றை அவனுக்குப் போட்டேன்.

கராஜ்காரன் ஃபான் பலகை அடித்துப் பெட்டி செய்து கொடுத்தான். அவனும் அவன் மகன்களும், ஸ்டேஷன் மாஸ்டரும் தூக்கி வந்தார்கள். குழிப் பக்கம் வந்ததும் தலை எந்தப் பக்கம் என்று ஃபான் கேட்டான், நான் விழித்தேன். "என்ன காட்ஸ், பொறந்ததுல இருந்து இதே ஊரு, ஒங்க சாமி காரியம் ஒமக்கே தெரியாதா?" என்றான். "என் சாமி என்னை இவ்வளவு தூரம் உள்ள விட்டதில்லப்பா" என்றேன். பக்கத்துக் கல்லறைகளைப் பார்த்துத்தான் தலைமாட்டைக் கண்டுபிடித்தோம். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், எனக்குப் பல் பிடுங்கியவர், என்னிடம் கோபித்துக்கொண்டே செத்தவர், எல்லோரும் அங்கே இருந்தார்கள். ஒவ்வொருவரையும் சாலை வரைக்கும்தான் வழியனுப்பியிருக்கிறேன்.

மண் போட்டு முடிந்ததும், இறந்தவருக்காகச் சொல்லும் கதீஷ் ஜெபத்துக்கு வாய் தானாகத் திறந்தது. பத்து யூத ஆண்கள் இல்லாமல் அதைச் சொல்லக் கூடாது. ஃபான் தொப்பியைக் கையில் பிடித்தபடி "முடிஞ்சுதா?" என்று மெதுவாகக் கேட்டான். முடியவில்லை, ஆனால் இங்கே முடியாது என்றேன். வெளியே வரும்போது உன் அம்மாவின் கல்லை முன்பக்கமாகப் பார்த்தேன், நட்டதில் இருந்து சாலையில் நின்று அதன் முதுகைத்தான் பார்த்து வந்தேன். ரபி அனுமதித்தது லேஸருக்காக மட்டும், நின்று படிப்பது தப்பு. நடந்துகொண்டே படித்தேன், கொஞ்சம் மெதுவாக நடந்தேன்.

நேற்று ஓய்வுநாள் முழுக்க வாசல் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை, வருவதற்கு யார் இருக்கிறார்கள். அப்போதுதான் புரிந்தது. லேஸருக்காக இங்கே இருந்தேன், இனி அவனுக்கு நான் செய்யக்கூடியது எதையும் இங்கிருந்து செய்ய முடியாது. அவனுக்குக் கதீஷ் சொல்ல வேறு ஆள் கிடையாது. பதினோரு மாதம், தினமும் சொல்ல வேண்டும். ஆகவே நீ விசாரித்து எழுது, உங்கள் வீட்டுப் பக்கத்து ஆலயத்தில் வார நாட்களில் காலையில் என்னைத் தவிர ஒன்பது பேர் வருவார்களா? சனிக்கிழமைக் கூட்டத்தைக் கணக்கில் எடுக்காதே, புதன்கிழமை எத்தனை பேர் என்று பார். நான் நடந்து போகும் தூரமாக இருக்க வேண்டும். வருவார்கள் என்றால் டிக்கெட் எடுக்கச் சொல், இல்லையென்றால் ஆள் வருகிற ஆலயம் இருக்கும் தெருவில் எனக்கு ஓர் அறை பார்.

ஆல்வின் இருமலை அலட்சியம் செய்ய வேண்டாம் என்று சொல். யோனி வெயிலில் தொப்பி இல்லாமல் திரிய வேண்டாம். கோஹனின் ஆசி எத்தனை கடலையும் தாண்டும், இரண்டு கையையும் விரித்து உங்கள் மூவர் தலைமேலும் வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். புதன்கிழமை விஷயத்தை மறந்துவிடாதே, பதில் வரும்வரை அவனுக்காக ஒருவரும் எதுவும் சொல்லப்போவதில்லை.

உன் அப்பா,
மேயர் காட்ஸ்